வானை வாங்க முன்னம் இதை வாசியுங்கள்: எக்ஸ்பிடைட் ஓட்டத்துக்கு வருபவர்களுக்கு

நான் வாங்கிய கார்கோ வான் பதினொரு கிழமை எங்கள் ட்ரைவ்வேயில் பனி மூடிக் கிடந்தது. மாதத் தவணை மட்டும் ஒரு நாளும் பிந்தாமல் வங்கியிலிருந்து போனது. வானில் ஒரு பிழையும் இல்லை. கடைசியாகச் செய்யவேண்டியதை நான் முதலில் செய்திருந்தேன், அவ்வளவுதான். "வான் ஒன்றை எடு மச்சான், வேலை தானாக வரும்" என்று சொன்னவர்கள் விசா, காப்புறுதி, எல்லைப் பத்திரம் என்று ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஒன்ராறியோவில் இருந்துகொண்டு இந்தத் தொழிலுக்கு வர நினைக்கும் நம் ஆட்கள் அதே பள்ளத்தில் விழக்கூடாது என்பதற்காக, நான் செய்திருக்க வேண்டிய ஒழுங்கில் எழுதுகிறேன்.

எக்ஸ்பிடைட் என்றால் அவசரச் சரக்கு. அமெரிக்காவின் மிச்சிகனில் ஒரு கார்த் தொழிற்சாலைக்கு ஒரு சின்னப் பாகம் முடியப்போகிறது. அது வராவிட்டால் முழு லைனும் நிற்கும். பாகத்தைச் செய்யும் இடம் மிசிசாகாவில். பெரிய ட்ரெய்லர் நிரம்பும்வரை காத்திருக்க ஏலாது. ஒரு ஸ்கிட்டோ (சரக்கை அடுக்கிக் கட்டும் மரத்தட்டு) இரண்டு ஸ்கிட்டோ, ஒரு வானில் ஏற்றி, வழியில் வேறெங்கும் இறக்காமல் நேரே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். கூலி மைல் கணக்கில். சாமம் இரண்டு மணிக்கும் போன் வரும், மூன்று நாள் வராமலும் இருக்கும்.

1. வாகனத்தின் அளவைத் தீர்மானியுங்கள் (வாங்கச் சொல்லவில்லை)

கடைக்குப் போக முன்னம் மூன்று எண்களைப் பாடமாக்குங்கள்.

முதலாவது 4,500 கிலோ. ஒன்ராறியோவில் உண்மையான எடையோ பதிவு செய்த மொத்த எடையோ இதைத் தாண்டும் வாகனத்துக்கு சி.வி.ஓ.ஆர் (வர்த்தக வாகனம் நடத்துபவருக்கான மாகாணப் பதிவு) வேண்டும், வருடாந்தப் பரிசோதனை வேண்டும், ஓட்டும் மணித்தியாலங்களைப் பதிய வேண்டும். இரண்டாவது 10,001 இறாத்தல். அமெரிக்காவில் கிட்டத்தட்ட அதே கோடு இங்கேதான் விழுகிறது. ஆனால் அவர்கள் வாகனத்தின் கதவோரத்து ஸ்டிக்கரில் உற்பத்தியாளர் போட்ட மொத்த எடையையும் பார்ப்பார்கள். வான் வெறுமையாக ஓடினாலும் ஸ்டிக்கரில் 10,001 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது அவர்களின் சட்டத்துக்குள் வந்துவிடும். பின்னால் இரட்டைச் சக்கரம் உள்ள பெரிய வான்கள் பல இந்த வகை. விற்பவர் வாயால் சொல்வதை விட்டுவிட்டுக் கதவைத் திறந்து ஸ்டிக்கரைப் படம் எடுங்கள்.

மூன்றாவது 11,000 கிலோ. அதுவரை சாதாரண ஜி லைசென்ஸ் போதும். அதற்கு மேல் டி வேண்டும். காற்று பிரேக் இருந்தால் எடை எதுவானாலும் இசட் வேண்டும்.

கார்கோ வானில் இரண்டு, மூன்று ஸ்கிட் போகும். ஏறக்குறைய 3,000 இறாத்தல். ஸ்ட்ரெயிட் ட்ரக் (ட்ரெய்லர் இல்லாமல் பெட்டியும் சேர்ந்த ஒற்றை ட்ரக்) என்றால் பத்துப் பன்னிரண்டு ஸ்கிட், மைலுக்குக் கூலியும் கூட. ஆனால் செலவும் பத்திரங்களும் அதே அளவில் ஏறும். புதிதாக வருபவருக்கு 4,500 கிலோவுக்குள் நிற்கும் வான்தான் சரி என்பது என் அபிப்பிராயம். ட்ரக் கனவை ஒரு வருடம் தள்ளி வையுங்கள்.

2. எல்லை தாண்ட முடியுமா என்று பாருங்கள்

நல்ல கூலி எல்லை தாண்டும் லோட்டில்தான். நான் இடறியதும் இங்கேதான்.

கனடியக் குடியுரிமை உள்ளவர் பாஸ்போட்டோடு போகலாம், சர்வதேசச் சரக்குக் கொண்டுபோக விசா தேவையில்லை. நிரந்தர வதிவிட அட்டையும் இலங்கை அல்லது இந்தியப் பாஸ்போட்டும் வைத்திருப்பவருக்கு அந்த அட்டை அமெரிக்க எல்லையில் விசாவுக்குப் பதிலாகாது. பி1/பி2 விசா வேண்டும். விண்ணப்பக் கட்டணம் 185 அமெரிக்க டொலர். காசு பிரச்சினையல்ல, நேர்முகத்துக்கு நாள் கிடைப்பதுதான் பிரச்சினை, மாதக்கணக்கில் இழுபடும். இந்தத் தொழிலை யோசிக்கத் தொடங்கிய அன்றே விண்ணப்பியுங்கள். எந்த வகைச் சரக்கை எங்கிருந்து எங்கே கொண்டுபோவீர்கள் என்று, லோட் தரும் கொம்பனி தந்த கடிதம் கையில் இருந்தால் நேர்முகத்தில் பதில் சொல்வது சுலபம்.

பழைய குற்றப் பதிவு ஏதும் இருந்தால், கனடாவில் மன்னிப்புக் கிடைத்திருந்தாலும், முதலில் ஒரு குடிவரவுச் சட்டத்தரணியிடம் போங்கள். எல்லையில் போய்ப் பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள்.

அடுத்தது ஃபாஸ்ட் அட்டை, முன்கூட்டியே சோதித்து அனுமதித்த சரக்குச் சாரதிகள் எல்லையை விரைவாகக் கடக்க உதவுவது. கட்டணம் 50 அமெரிக்க டொலர், ஐந்து வருடம் செல்லும். குடியுரிமையோ நிரந்தர வதிவிடமோ இருந்தால் விண்ணப்பிக்கலாம். ஆனால் அது விசாவுக்குப் பதிலல்ல, இரண்டும் வேண்டும். பல கொம்பனிகள் இந்த அட்டை இல்லாதவரை எல்லை லோட்டுக்கு எடுப்பதே இல்லை.

விசா வரும்வரை சும்மா இருக்கத் தேவையில்லை. ரொறன்ரோ–மொன்றியல், ரொறன்ரோ–வின்சர் என்று நாட்டுக்குள் ஓடும் அவசர லோட்டுகள் இருக்கின்றன. கூலி குறைவு, ஆனால் வேலை பழகலாம்.

3. லைசென்ஸும் சாரதிப் பதிவும்

முழு ஜி வேண்டும். ஜி2வை (முழு ஜிக்கு முந்திய லைசென்ஸ்) வைத்துக்கொண்டு கேட்டால் போனை வைத்துவிடுவார்கள். ஊரில் பதினைந்து வருடம் ஓட்டினேன் என்பதும் இங்கே பெரிதாக எடுபடாது. அநேகமான கொம்பனிகளும் காப்புறுதிக்காரரும் கேட்பது இரண்டு மூன்று வருடக் கனடியப் பதிவை. மூன்று வருடச் சாரதிப் பதிவை மாகாண அரசின் சேவை அலுவலகமான சேர்விஸ் ஒன்ராறியோவில் இருபது டொலருக்குள் எடுக்கலாம். கொம்பனி கேட்க முன்னம் நீங்களே எடுத்துப் பாருங்கள். மறந்துபோன ஒரு வேகத் தண்டனை அதில் இருந்து சிரிக்கும்.

ட்ரக்தான் வேண்டும் என்பவர் டி.இசட் எடுக்க வேண்டும். மருத்துவ அறிக்கை, எழுத்துச் சோதனை, காற்று பிரேக் பயிற்சி, வீதிச் சோதனை. ட்ரெய்லர் ஓட்டும் ஏ லைசென்ஸுக்கு உள்ள 103.5 மணித்தியாலக் கட்டாயப் பயிற்சி இதற்கு இல்லை. சொந்தப் பெயரில் சி.வி.ஓ.ஆர் எடுக்கப்போகிறீர்கள் என்றால் அதற்கு 250 டொலர். ஒரு கொம்பனியின் சி.வி.ஓ.ஆரின் கீழ் ஓடினால் தனியாக வேண்டாம்.

4. காப்புறுதி விலையைக் கையில் எடுங்கள்

வீட்டுக் கார்க் காப்புறுதி கூலிக்குச் சரக்கு ஏற்றும் வாகனத்துக்குச் செல்லாது. "பேசாமல் ஓடு, ஆர் பாக்கிறது" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு விபத்து நடந்து, பின்னால் ஸ்கிட் இருந்ததைப் பொலிஸ் அறிக்கையில் எழுதினால், இழப்பீடு முழுவதும் உங்கள் தலையில்.

வேண்டியவை: வர்த்தக வாகனக் காப்புறுதி, அதில் பெரும்பாலான கொம்பனிகள் கேட்கும் 2 மில்லியன் டொலர் பொறுப்பு (பிறருக்கு வரும் சேதத்துக்கு), அமெரிக்காவுக்கும் செல்லும் என்ற உறுதி, அதோடு சரக்குக் காப்புறுதி. சில கொம்பனிகள் தங்கள் பொதுக் காப்புறுதிக்குள் உங்களைச் சேர்த்துக்கொண்டு கிழமைக்கு இவ்வளவு என்று கழிப்பார்கள். புதியவருக்கு அது பெரும்பாலும் மலிவு.

எனக்கு முதலில் சொன்ன விலை வருடத்துக்கு 9,800 டொலர். கேட்டபோது தலை சுற்றியது. ஏழு பேரிடம் கேட்ட பிறகு 6,900க்கு வந்தது. அந்த ஏழு பேரிடம் கேட்டு முடிக்கத்தான் என் பதினொரு கிழமையில் பாதி போனது. வான் வாங்க முன்னமே வாகனத்தின் ஆண்டையும் மாதிரியையும் சொல்லி விலை கேட்கலாம். யாரும் பில்லைக் காட்டச் சொல்வதில்லை. இது எனக்குத் தெரியாமல் போயிற்று.

5. கொம்பனியைத் தேடுங்கள், ஒப்பந்தத்தை வாசியுங்கள்

புதிதாக வருபவர் சொந்த அமெரிக்க அனுமதி, சொந்த வாடிக்கையாளர் என்று ஓட நினைக்க வேண்டாம். ஒரு கொம்பனியின் அனுமதியின் கீழ் உங்கள் வானை ஓட்டுங்கள். மிசிசாகா, பிரம்டன், வின்சர் பக்கம் இப்படியான கொம்பனிகள் நிறைய.

ஒப்பந்தத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து வாசியுங்கள். நான் பார்க்கச் சொல்வது இவைதான். வெறுமையாகத் திரும்பும் மைலுக்கு ஏதாவது உண்டா? எரிபொருள் மிகைக்கட்டணம் முழுவதும் உங்களுக்கா, பாதியா? இறக்குமிடத்தில் காத்திருந்தால் எத்தனை மணித்தியாலத்துக்குப் பிறகு காசு? லோட் ரத்தானால் என்ன? காசு எத்தனை நாளில் வரும்? முப்பது நாள், நாற்பத்தைந்து நாள் என்பது சாதாரணம். ஆகவே முதல் இரண்டு மாத எரிபொருள், தவணை, காப்புறுதி, வீட்டுச் செலவு எல்லாம் ஏற்கனவே வங்கியில் இருக்க வேண்டும்.

ஒரு பொறியைத் தனியாகச் சொல்ல வேண்டும். கொம்பனியின் வானை ஓட்ட வருபவரிடம் "உங்கள் பெயரில் ஒரு இன்கோப்பரேஷன் திறவுங்கோ, வரி இல்லாமல் முழுக் காசும் கையில்" என்பார்கள். வாகனம் அவர்களுடையது, டிஸ்பாச் (லோட்டுகளைப் பிரித்துக் கொடுப்பது) அவர்களுடையது, நேரம் அவர்களுடையது என்றால் நீங்கள் தொழிலாளி. வரித் திணைக்களம் அப்படிப் பார்த்தால் உங்கள் இன்கோப்பரேஷனுக்குச் சிறுவணிக வரிச்சலுகை கிடைக்காது, செலவுகளில் பெரும்பாலானவற்றைக் கழிக்கவும் ஏலாது. வேலை போனால் வேலையிழப்புக் காப்புறுதி இல்லை, விடுமுறைச் சம்பளமும் இல்லை. அந்த "முழுக் காசு" எங்கே போனது என்று அடுத்த சித்திரையில்தான் தெரியும்.

6. இப்போது வானை வாங்குங்கள்

எச்.எஸ்.டி (13 சதவீத விற்பனை வரி) பதிவை வானுக்கு முன் செய்யுங்கள். நான்கு காலாண்டுகளில் வருமானம் 30,000 டொலரைத் தாண்டினால் பதிவு கட்டாயம். தாண்டாவிட்டாலும் விரும்பிப் பதியலாம். பதிந்த பிறகு டீலரிடம் 40,000 டொலருக்கு வான் வாங்கினால், கட்டிய 5,200 டொலர் எச்.எஸ்.டியைத் திரும்பக் கேட்கலாம். தனியாளிடம் பாவித்த வான் வாங்கினாலோ கதை வேறு. பெயர் மாற்றும்போது சேர்விஸ் ஒன்ராறியோவில் அதே 13 சதவீதம் கட்டுவீர்கள், ஆனால் அது மாகாண விற்பனை வரி. திரும்பி வராது. விலையைக் குறைத்து எழுதித் தப்பலாம் என்று நினைக்க வேண்டாம். புத்தகப் பெறுமதி கூடவாக இருந்தால் அதற்குத்தான் வரி. "தனியாளிடம் மலிவு" என்று சொல்லும்போது இந்தக் கணக்கையும் போட்டுப் பாருங்கள்.

வானோடு இவையும் வேண்டும்: சரக்கு முன்னால் பாய்ந்து வராமல் தடுப்புச் சுவர், சுவரோரம் ஈ-ட்ராக் (பட்டி கொழுவும் தண்டவாளம்), இறுக்கிக் கட்டும் ரச்செட் பட்டிகள் ஆறு, சரக்கு அசையாமல் குறுக்கே பூட்டும் லோட் பார் இரண்டு, தடித்த போர்வைகள், பச்சை முக்கோணம் போட்ட இரும்பு நுனிச் சப்பாத்து, ஒளிரும் மேலங்கி, கண்ணாடி, தலைக்கவசம். தொழிற்சாலை வாசலில் சப்பாத்து இல்லாததால் ஒருவரைத் திருப்பி அனுப்பியதைக் கண்ணால் கண்டேன். ஸ்கிட் உள்ளேதான் நின்றது, ஆள்தான் வெளியே.

7. ஒவ்வொரு லோட்டையும் போகவரக் கணக்குப் பாருங்கள்

மிசிசாகாவிலிருந்து சார்னியா வழியாக மிச்சிகனின் ஃபிளின்ற்றுக்கு ஏறக்குறைய 375 கிலோமீற்றர். கொம்பனி தருவது 230 மைலுக்கு. ஆனால் நீங்கள் ஓடுவது 750 கிலோமீற்றர், ஏனென்றால் திரும்பி வர வேண்டும். நூறு கிலோமீற்றருக்கு 14.5 லீற்றர் குடிக்கும் வான் என்றால் 109 லீற்றர். லீற்றர் ஒன்றரை டொலர் என்று வைத்தால் 163 டொலர் எரிபொருளுக்கு மட்டும். எல்லைப் பாலக் கட்டணம், டயர்த் தேய்மானம், எண்ணெய் மாற்றம் இனித்தான். சொல்லும் கூலியை 230ஆல் பிரிக்காதீர்கள், 460ஆல் பிரியுங்கள். அப்போது வரும் எண்தான் உங்கள் மைல் கூலி. அது பிடிக்காவிட்டால் "வேண்டாம்" என்று சொல்லலாம். முதல் மாதம் யாருக்கும் அந்தச் சொல் வாயில் வராது.

திரும்பும்போது ஒரு லோட் கிடைத்தால் நல்லது, ஆனால் அது கனடாவுக்கு வரும் லோட்டாக இருக்க வேண்டும். டெட்ரோயிட்டில் ஏற்றி ஒஹாயோவில் இறக்கும் லோட்டைக் கனடியச் சாரதி எடுக்கக்கூடாது. அது அமெரிக்க உள்நாட்டு வேலை. டிஸ்பாச்சர் "ஒருத்தரும் பாக்க மாட்டினம்" என்றாலும் எடுக்காதீர்கள். பிடிபட்டால் எல்லையில் திருப்பி அனுப்பப்படுவது நீங்கள், விசா போவதும் உங்களுடையது. டிஸ்பாச்சர் அடுத்த ஆளைக் கூப்பிடுவார்.

8. பாலத்துக்குப் போக முன் நிறுத்துங்கள்

அமெரிக்காவுக்குள் போக இலத்திரனியல் மனிபெஸ்ட் (வாகனம், சாரதி, சரக்கு விபரப் பட்டியல்) நீங்கள் போய்ச் சேர ஒரு மணித்தியாலத்துக்கு முன் போயிருக்க வேண்டும். கனடாவுக்குள் வரும்போதும் அதே ஒரு மணித்தியாலம். அதைக் கொம்பனி அனுப்பும். சரக்கின் பத்திரங்களைச் சுங்க முகவர் அனுப்புவார். அந்தப் பத்திரங்களுக்கு ஒரு சுங்க இலக்கம் இருக்கும்: அமெரிக்காவுக்குப் போகும்போது பாப்ஸ் இலக்கம், கனடாவுக்கு வரும்போது பார்ஸ் இலக்கம். இரண்டும் ஏற்கப்பட்டதா என்று கேட்காமல் பாலத்தில் ஏறாதீர்கள்.

என் மூன்றாவது லோட். அதிகாலை 3.20க்குச் சார்னியாவில் நிற்கிறேன். எல்லாம் சரி என்று டிஸ்பாச் சொல்லிவிட்டது. சாவடியில் அதிகாரி கணினியைப் பார்த்தார், என் பத்திரத்தைப் பார்த்தார், மீண்டும் கணினியைப் பார்த்தார். கணினியில் 14 பெட்டி. என் பத்திரத்தில் 14 என்ற அச்செழுத்தின் மேல் நீலப் பேனாவால் 15. ஏற்றிய இடத்தில் கடைசி நிமிடம் ஒரு பெட்டியைக் கூட வைத்துவிட்டு, எண்ணைத் திருத்தி, சுங்க முகவருக்குச் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள். நான் கையெழுத்துப் போட்டபோது அந்த நீல மை என் கண்ணுக்குப் படவில்லை. முகவரின் அலுவலகத்தில் ஆள் எழும்பி, திருத்தி அனுப்பி, நான் வெளியே வர நாலு மணித்தியாலம். அவசரச் சரக்கு!

அன்றிலிருந்து ஏற்றும் இடத்தில் விரலை வைத்து எண்ணுகிறேன். எண் மாறியிருந்தால் வாசலைத் தாண்ட முன்னம் படம் எடுத்து டிஸ்பாச்சுக்கு அனுப்பி, முகவர் திருத்திவிட்டார் என்று எழுத்தில் பதில் வந்த பிறகுதான் கியரைப் போடுவேன்.

சாப்பாட்டுப் பார்சல் விஷயமும் சொல்ல வேண்டும். இறைச்சி, பழம் ஏதும் இருக்கிறதா என்று கேட்டால் இருப்பதைச் சொல்லுங்கள். ஆட்டிறைச்சிக் கறியும் சோறும் வைத்துக்கொண்டு "ஒன்றுமில்லை" என்று சொல்லி, தண்டமும் கட்டி, ஃபாஸ்ட் அட்டைக்கும் ஆபத்துத் தேடிக்கொள்ள வேண்டாம். நான் பருப்பும் ரொட்டியும்தான் கொண்டுபோவது. கஞ்சா இங்கே 2018இலிருந்து சட்டபூர்வம். அமெரிக்க மத்திய சட்டத்தில் இன்னும் குற்றம். வானில் அதன் வாசனைகூட இருக்கக்கூடாது.

பற்றரி, பெயின்ற், எயார்பாக் போன்றவை அபாயப் பொருட்களாக வரலாம். அதற்கான பயிற்சிச் சான்றிதழ் இல்லாமல் ஏற்றாதீர்கள். வீதிப் போக்குவரத்துக்கான சான்றிதழ் மூன்று வருடம் செல்லும்.

9. நித்திரைக்குச் சட்டம் நீங்கள்தான்

பெரிய ட்ரக் ஓட்டுபவருக்குக் கனடாவில் நாளுக்கு 13 மணித்தியால ஓட்டம், அமெரிக்காவில் 11. இலத்திரனியல் பதிவுக் கருவி அதைக் காட்டிக்கொடுக்கும். 4,500 கிலோவுக்குள் நிற்கும் வானுக்கு அந்தக் கருவி இல்லை. இதை நன்மை என்று பலர் சொல்கிறார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். பகல் முழுக்க வீட்டில் விழித்திருந்துவிட்டு இரவு பத்து மணிக்கு லோட் எடுத்தால், 402 நெடுஞ்சாலையில் விடியப்புறம் வீதிக்கோடு இரண்டாகத் தெரியும். வேலை இல்லாத பகலில் படுத்துப் பழகுங்கள். பிள்ளைகளுக்கும் சொல்லிவையுங்கள்.

10. வரிக்கென்று வேறு கணக்கு

வரும் காசில் கால்வாசியை வேறு கணக்கில் போடுங்கள். சுயதொழில் செய்பவர் ஓய்வூதியத் திட்டத்துக்கு இரண்டு பங்கும் தானே கட்ட வேண்டும், சேர்த்து 11.9 சதவீதம். எல்லை தாண்டும் சரக்குக் கூலிக்கு எச்.எஸ்.டி பூச்சியம், ஒன்ராறியோவுக்குள் ஓடுவதற்கு வேறு கணக்கு. முதல் பில் எழுத முன்னம் கணக்காளரிடம் கேளுங்கள். நெடுந்தூர ட்ரக் ஓட்டுபவர் சாப்பாட்டுச் செலவில் 80 சதவீதம் கழிப்பதைக் கேட்டு நாமும் கழிக்கலாம் என்று நினைப்போம். அந்தச் சலுகை 11,788 கிலோவுக்கு மேற்பட்ட வாகனத்துக்கு. வான்காரருக்கு 50தான்.

11. முதல் போன் வரும்போது

பேப்பரும் பேனாவும் கட்டில் அருகில் இருக்கட்டும். "ஓம்" சொல்ல முன்னம் இவற்றைக் கேளுங்கள்: எத்தனை ஸ்கிட், நீள அகல உயரம் என்ன, எடை என்ன, அபாயப் பொருளா, ஏற்றும் இடத்தில் டொக் (சரக்கு ஏற்றும் மேடை) இருக்கிறதா, அதன் உயரத்துக்கு வான் ஒத்துவருமா, சுங்க முகவர் யார், இறக்க எத்தனை மணிக்குள். "சரக்கு ரெடி" என்று சொன்னால் எத்தனை மணிக்கு ரெடி என்று திருப்பிக் கேளுங்கள். போய்ச் சேர்ந்ததும் வந்த நேரத்தைப் பத்திரத்தில் எழுதுவித்துக் கையெழுத்து வாங்குங்கள், புறப்படும்போதும் அப்படியே. அந்த இரண்டு நேரமும் இல்லாவிட்டால் காத்திருந்த காசைக் கேட்க உங்களிடம் ஒன்றும் இருக்காது.